உன் கருவிக்குச் சர்க்கரை தெரியவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம் என்று தொடங்கத்தான் ஆசை. நீ கொடுத்துவிட்டுப் போன, இரத்தச் சர்க்கரை அளக்கும் கருவி அதற்கு ஒத்துக்கொள்ள மறுக்கிறது.

அடுத்த வாரம் உனக்கு ஆய்வேட்டுத் தேர்வு. நீ நொதி தடவிச் செய்த மின்முனைப் பட்டைகளில் இருபது நாள் இரத்தம் வைத்து நான் குறித்த எண்களும் அதில் சேரும் என்பதால் அவசரமாகச் சொல்கிறேன், கருவி பழுது. முப்பத்தைந்து வருடம் நிலம் அளந்தவன் நான், அளக்கிற சாமான் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். முதல் பத்து நாள் நூற்று எண்பதுக்குப் பக்கத்தில் காட்டியது. சரி, நான் பழைய சர்க்கரை நோயாளி என்று பொறுத்துக்கொண்டேன். பதினோராம் நாளிலிருந்து இருநூற்று எழுபதுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. சந்தேகம் தீர, இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட டீயில் ஒரு பட்டையைத் தோய்த்தேன். ஒன்றுமே இல்லை என்றது. உடனே உன்னைக் கூப்பிட்டேன், நீ என்ன சொன்னாய்? "அப்பா, அந்த நொதிக்குக் குளுக்கோஸ் ஒண்ணைத்தான் அடையாளம் தெரியும். அது கிடைச்சாத்தான் கரண்ட் வரும். டீயில போடுறது வேற சர்க்கரை, வயித்துக்குள்ள போய்தான் குளுக்கோஸா உடையும்." போனை ஸ்பீக்கரில் வைத்தது என் புத்தி. அடுப்படியிலிருந்து அம்மா வந்துவிட்டாள்.

"அது சரி, ரெண்டு கரண்டி போட்ட டீ யாருக்கு?"

"ஆராய்ச்சிக்கு."

"பாதி டம்ளர் காலியா இருக்கே, ஆராய்ச்சி குடிச்சுதா?"

அன்றிலிருந்து சர்க்கரை டப்பா தலைமறைவு. அது போகட்டும். தேர்வாளர்கள் முன்னால் நீ தலைகுனியக் கூடாது. கடைசிப் பத்து எண்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, கருவி பழுது என்று நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அப்பா.

பி.கு. கருவி பழுது என்று மேலே எழுதியது பொய். கருவி சரியாகத்தான் இருக்கிறது. என் எண்களைப் பார்த்து நீ திட்டுவாயே என்று பதினோராம் நாளிலிருந்து அம்மா விரலைக் குத்தினேன். "ஒப்பிட்டுப் பார்க்க உன் ரத்தமும் வேணுமாம்" என்றேன். மகளுக்கு என்றதும் மறுபேச்சில்லாமல் நீட்டினாள். அவளுக்கென்ன, நல்ல எண்ணாக வரும் என்று நம்பினேன். பத்து நாளும் என்னைவிட அதிகம். அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறதடி. நாளைக் காலை அவளை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், போகிற வழியில் சொல்லிவிடுவேன். அந்தப் பத்து எண்களைக் கிழிக்காதே. மேலே என் பெயரை அடித்துவிட்டு அம்மா பெயரை எழுது.