மஞ்ச விமானமும் ரெண்டாவது பிரேக்கும்

ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நான் விமானத்தை இறக்கிக் காட்டுறேன்னு சபதம் போட்டப்போ, என் வீட்டுக்காரி துணி மடிச்சிட்டு இருந்தா. தலையத் தூக்கல.

"எங்க இறக்குவீங்க? மொட்டை மாடியிலயா?"

"கம்ப்யூட்டர்லதான்!"

"அதான பாத்தேன். மாடியில போர்வை காயுது."

என் தொழிலச் சொல்லிடறேன். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். இருபத்திரெண்டு வருஷமா பக்கத்து சீட்டுதான் நமக்கு. ஸ்டியரிங் அவங்க கையில, உசுரு என் கால்ல. ஏன்னா என் காலடியில தனியா ஒரு பிரேக் இருக்கும். எதிர்ல லாரி வந்தா, ஓட்டுறவங்க கண்ண மூடிக்குவாங்க. நான் நைசா ஒரு மிதி. வண்டி நிக்கும். உடனே நான், "அடேங்கப்பா! என்னமா நிறுத்துனீங்க!"ம்பேன். அவங்க மூஞ்சியில அம்பது பல்பு எரியும். ஒரு பல் டாக்டரம்மா கத்துக்கிட்டாங்க. ஒவ்வொரு திருப்பத்துலயும் "வலிக்காது, வலிக்காது"ன்னு சொல்லிக்கிட்டே திருப்புவாங்க. வலிச்சது பூரா என் முழங்காலுக்கு.

பையன் வெளியூர்ல வேலைக்குப் போனதும் அவன் ரூம் காலியாச்சு. அவன் விட்டுட்டுப் போன ஒரு பெரிய கம்ப்யூட்டரும் ஒரு பழைய லேப்டாப்பும் எனக்கு மிஞ்சுச்சு. அந்தப் பெரிசுலதான் விமானம் ஓட்டுற ஆட்டத்தைப் போட்டேன். கைக்கு ஒரு குச்சி, காலுக்கு ரெண்டு பெடல்.

அதுல எத்தனையோ விமானம் இருக்கு. நான் புடிச்சது ஒரு கிழட்டு மஞ்ச விமானம். அந்தக் காலத்துல பட்டாளத்துப் பசங்களுக்குப் பறக்கக் கத்துக்குடுத்தது. மூக்குல விசிறி. ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரெண்டு சீட்டு. முன்னாடி கத்துக்குட்டி, பின்னாடி வாத்தியார். ரெண்டு பேருக்கும் குச்சி, ரெண்டு பேருக்கும் பெடல். வாத்தியார் ஒரு பட்டனை அமுக்கினா போதும், விமானம் முழுசா அவர் கைக்கு வந்துடும், அப்புறம் முன்னாடி இருக்கிறவன் தலைகீழா நின்னாலும் ஒண்ணும் ஆகாது. பறக்குற டிரைவிங் ஸ்கூல்! எனக்குப் புடிக்காம போகுமா?

இன்னொரு வசதியும் இருக்கு. லேப்டாப்பை இதோட சேத்து வச்சா, அதுல இருக்கிறவங்க பின்சீட்டுல வந்து உக்காந்துக்கலாம். நானே சேத்து வச்சேன். ஆசையா கூப்பிட்டேன்.

"ஏம்மா, பின்சீட்டு சும்மாதான இருக்கு. வாயேன்."

"உங்க பைக்குல பின்சீட்டுல உக்காந்தது போதாதா? லேப்டாப்பை சமையல்கட்டுல வைங்க, பாட்டு கேக்குறேன்."

வச்சேன்.

மேல ஏத்துறது எனக்கு அல்வா சாப்பிடுற மாதிரி. வாயாலயே இஞ்சின் சத்தம் போடுவேன். டவர்ல பேசுறவரு குரல்ல, "மஞ்ச வண்டி, மஞ்ச வண்டி, கிளம்பலாம், நல்லபடியா போய்ட்டு வா"ன்னு நானே எனக்கு உத்தரவும் குடுப்பேன். எறக்கும்போதுதான் சனி. தரை கிட்ட வந்துச்சா, இருபத்திரெண்டு வருஷத்துப் பழக்கம், கால் தானா போய் பிரேக்க மிதிச்சிடும். இந்த விமானத்துக்கு முன்னாடி ரெண்டு பெரிய சக்கரம், வாலுக்கடியில சுண்டைக்காய் மாதிரி ஒண்ணு. ஓட்டத்துல பிரேக்க அழுத்துனா அவ்ளோதான். மூக்கு மண்ணுல, வாலு வானத்துல.

நூத்தி நாலு தடவை கவுத்திருக்கேன்.

"என்னங்க, இன்னிக்கும் நாத்து நட்டுட்டீங்களா?"ன்னு சமையல்கட்டுலேர்ந்து குரல் வரும்.

அவளுக்கு அந்த ரூம் வேணும். தையல் மெஷின் போட. ஜாக்கெட் தைக்க ஊர்ப்பட்ட பேர் கேக்குறாங்களாம். நான் விடுவேனா? பேச்சு வளந்து பந்தயத்துல முடிஞ்சது.

"கீழ்வீட்டு அக்கா முன்னாடி ஒரே ஒரு தடவை, கவுக்காம இறக்கிக் காட்டுங்க. ரூம் உங்களுக்கு. கவுந்துச்சா, என் மெஷினுக்கு."

கீழ்வீட்டு அக்கான்னா சும்மா இல்ல. ரிட்டயர்டு விமான மெக்கானிக். இதே மஞ்ச விமானத்துக்கு வருஷக்கணக்கா ஆயில் மாத்துனவங்க. ஸ்பானர் அக்கான்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவங்க முன்னாடி கவுத்தா, டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்னு தெருவுல தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ரூம் போறது ஒரு பக்கம், மானம் போறது ஒரு பக்கம்.

ஆனா ஒண்ணு சொல்லணும். பந்தயம் ஒரு பக்கம்னாலும் எனக்கு ஒரு குறையும் வைக்கல மகராசி. சனிக்கிழமை நான் வகுப்பு முடிஞ்சு வந்து பாத்தா, ஆடிக்கிட்டிருந்த பழைய மேசையத் தூக்கிட்டு, நல்ல கெட்டி மேசையா ஒண்ணு போட்டு, மேல பூப்போட்ட துணியும் விரிச்சிருந்தா.

"ஏது இது?"

"குச்சிய ஆட்டும்போது மேசையும் ஆடுதுன்னீங்களே. இது ஆடாது."

எதிராளிக்கு மேசை போட்டுக் குடுக்குற மனசு யாருக்கு வரும்?

ஞாயித்துக்கிழமை. நாலு மணி. ஸ்பானர் அக்கா வந்து என் பின்னாடி நாற்காலி போட்டு உக்காந்தாங்க.

"தம்பி, இஞ்சின் சூடாகட்டும். அவசரப்படாத."

"அக்கா, எனக்கேவா?"

வீட்டுக்காரி எட்டிப் பாத்தா. "நான் அடுப்பப் பாத்துட்டு வந்துடறேங்க."

"நான் இறக்குறத நீ பாக்க வேணாமா?"

"பாக்காமலா? நீங்க ஆரம்பிங்க."

கிளப்பினேன். ஊருக்கு மேல ஒரு சுத்து. அக்கா "ம்"ன்னாங்க. அது பாராட்டா இருமலான்னு தெரியல. திரும்பி ஓடுபாதைய நேரா புடிச்சேன். எறங்குது, எறங்குது. தரை வந்துச்சு. மிதிக்காதடா மிதிக்காதடான்னு எனக்கு நானே சொல்லச் சொல்ல...

மிதிச்சுட்டேன். ரெண்டு காலாலயும். நாய் குறுக்க வந்த மாதிரி.

கண்ண மூடிக்கிட்டேன். லாரியப் பாத்துக் கண்ண மூடுறவங்களப் பத்தி இனி நான் பேசலாமா?

சத்தமே இல்ல. கண்ணத் தொறந்தா, விமானம் பூ மாதிரி உருண்டு போய், ஓரமா திரும்பி, சமத்தா நின்னுடுச்சு!

"பாத்தீங்களாக்கா! பாத்தீங்களா!" நாற்காலியிலேர்ந்து ஒரே குதி. டவர்க்காரரு குரல்ல, "மஞ்ச வண்டி, நீதான்யா ஆம்பள!"ன்னேன். "ரூம் எனக்கு! ஏம்மா, வா இங்க, ரூம் எனக்கு!"

ஸ்பானர் அக்கா கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டாங்க.

"நல்ல இறக்கம் தம்பி. அந்தப் பதிவ இன்னொரு தடவை போட்டுக் காமி. விமானத்துக்கு வெளியிலேர்ந்து பாக்குற மாதிரி."

போட்டேன். வெளியிலேர்ந்து பாத்தா ராஜா மாதிரி வருது. முன்சீட்டுல தொப்பி போட்ட ஒரு தலை. நான்.

பின்சீட்டுல தொப்பி போட்ட இன்னொரு தலை.

"அது யாருக்கா?"

"நீ பந்தயம் போட்ட ஆளு."

சமையல்கட்டுக்கு ஓடினேன். அடுப்பு பத்தவே வைக்கல. லேப்டாப்புல அதே ஓடுபாதை. பக்கத்துல பையனோட பழைய ஆட்டக் குச்சி. என் வீட்டுக்காரி விரல சொடக்கு எடுத்துட்டு இருக்கா.

"நீயா இறக்குன?"

"பின்ன? நீங்கதான் கண்ண மூடிட்டீங்களே."

"உனக்கு எப்படி..."

"பகல்ல நீங்க ஸ்கூலுக்குப் போயிடறீங்க. அக்கா சொல்லச் சொல்ல ஓட்டிப் பழகுனேன். குச்சிய வயித்தோட இழுத்துப் புடிக்கணும், பிரேக்குப் பக்கமே போகக் கூடாது. அவ்ளோதானங்க."

"நீ எத்தனை தடவை கவுத்த?"

"கவுக்கணுமா?"

பின்னாடியே வந்த அக்கா வாயப் பொத்திக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க. எனக்கு ஒண்ணு மட்டும் புரியல.

"ஏம்மா, நான் கவுத்திருந்தா ரூம் உனக்குத்தான? சும்மா இருந்திருந்தாலே ஜெயிச்சிருப்பியே?"

அவ என்னை நிமிந்து பாத்தா.

"எனக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுத்தது யாருங்க? மூணு மாசம் நானே ஓட்டுறேன்னு நெனச்சு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, பிரேக்கு பூரா நீங்க போட்டதுன்னு. ஒரு நாளாவது சொல்லிக் காமிச்சிருப்பீங்களா? 'என்னமா நிறுத்துன'ன்னுதான சொன்னீங்க? அக்கா முன்னாடி உங்க மூஞ்சி தொங்குறத நான் எப்படிப் பாத்துட்டு இருப்பேன்? நானா சொல்லியிருக்கவும் மாட்டேன். அக்காதான் போட்டுக் குடுத்துட்டாங்க."

"நான் மெக்கானிக். உள்ளத மறைச்சுப் பழக்கமில்ல"ன்னாங்க அக்கா.

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எவ்ளோ பேர எவ்ளோ மோதல்லேர்ந்து காப்பாத்தியிருக்கேன். என்னக் காப்பாத்த ஒருத்தி என் பின்னாடியே உக்காந்திருந்தது இத்தனை வருஷமா தெரியாம போச்சே! கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்துச்சு. அக்கா இருந்ததால கும்பிடல.

"எடுத்துக்கோம்மா. அந்த ரூம் உனக்குத்தான். நாளைக்கே போய் மெஷின் வாங்கிடலாம்"ன்னேன், தியாகி மாதிரி.

அவ ரூமுக்குப் போனா. கம்ப்யூட்டரையும் குச்சியையும் எடுத்துக் கீழ வச்சா. பூப்போட்ட துணிய உருவினா.

கெட்டி மேசை ஏன் ஆடலன்னு அப்பதான் தெரிஞ்சது. நேத்துலேர்ந்து, உள்ள மடக்கி வச்ச தையல் மெஷின் மேலதான் விமானம் ஓட்டிக்கிட்டு இருக்கேன்.

இப்போ எனக்கு ஜன்னலோரமா அந்தப் பழைய ஆடுற மேசை. தினம் ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் பறக்க அனுமதி. பின்சீட்டுல அவ. இறக்கினதும், "அடேங்கப்பா, என்னமா இறக்குனீங்க!"ம்பா. எனக்கும் மூஞ்சியில அம்பது பல்பு எரியத்தான் செய்யுது.

நேத்து ஸ்கூல் வண்டியோட எல் போர்டு ஒண்ணக் காணோம்னு காலையிலேர்ந்து தேடினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, என் நாற்காலி முதுகுல தொங்குது.