மூன்றாவது தட்டு

ஏழு ஆறுகள் பாய்ந்தும் அதிகாரிகளின் மண்டைக்குள் ஒரு சொட்டு ஈரம் இறங்காத நாடு ஒன்று இருந்தது. ஏழாற்று நாடு என்று பெயர். அக்கரைப் படை வந்து அதைப் பிடித்தது. பிடித்த கையோடு, நாட்டின் சகல துன்பங்களுக்கும் பழமறையார் என்ற சிறு கூட்டம்தான் காரணம் என்று கண்டுபிடித்தது. மழை பெய்யாததற்கும் அவர்கள்தான், பெய்ததற்கும் அவர்கள்தான்!

முதல் ஆணை, பழமறையார் நீல நாடா கட்டிக்கொள்ள வேண்டும். அடுத்தது, அவர்களுடைய நிழல் அரசவீதியில் விழக்கூடாது. ஆகவே நிழல் காலடியில் ஒடுங்கும் உச்சிவெயிலில் மட்டும், அரை மணி நேரம், கடைக்குப் போகலாம். அந்த அரை மணியில்தான் கடைக்காரர்கள் சாப்பிடப் போவார்கள். மூன்றாவது ஆணை, தலைக்கணக்கு.

வினை அங்கேதான் தொடங்கியது. பழமறையார் ஆளை எண்ண மாட்டார்கள். எண்ணினால் கண்பட்டுவிடும் என்று பயம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் தட்டுகளைக் காட்டுவார்கள். அதிலும் ஒரு தட்டு, பசியோடு வாசலில் வந்து நிற்பவருக்கென்று எப்போதும் இருக்கும். பிள்ளைக்கோ, ஒரு வயது நிரம்பினால்தான் தட்டு.

இளவேணி வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் வட்டக் கண்காணி நன்னயனார். உள்ளூர்க்காரர்தான். ஆனால் அக்கரைக்காரனைவிடப் பெரிய அக்கரைக்காரர்.

"எத்தனை உருப்படி?"

"தட்டு மூணுங்க ஐயா."

அவளுக்கு ஒன்று, கணவன் எழினிக்கு ஒன்று, வருகிறவருக்கு ஒன்று. எட்டு மாதக் குழந்தை பூவை உள்ளே தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏது தட்டு?

நன்னயனாருக்கு அன்று அகோரப் பசி. வழக்கப்படி மூன்றாவது தட்டில் சோறு போட்டாள் இளவேணி. மனுஷர் வளைத்துக் கட்டினார். ஏப்பம் விட்டபடி ஏட்டில் எழுதினார்: 'மூவர். மூன்றாவது தட்டில் யாமே உண்டு சரிபார்த்தோம்.' உற்சாகம் தாங்காமல் சொந்தமாக ஒரு விதியும் சேர்த்தார்: 'தட்டில் உண்பவர் அவ்வீட்டாராகவே கருதப்படுவார்.' படைத்தலைவர் பூரித்துப்போய் அதைச் சட்டமாக்கிவிட்டார்.

நாலாவது ஆணை முரசோடு வந்தது. பழமறையார் மறுநாள் காலை துறைக்கு வந்து படகேற வேண்டும். அக்கரையில் வீடுண்டு, வேலையுண்டு, பாலுண்டு! பக்கத்து ஊர்களில் முன்னே ஏற்றிப்போன மூன்று படகுகளிலிருந்து ஒருவர்கூட ஒரு வரி எழுதிப் போடவில்லை. இளவேணி தூளியைப் பார்த்தாள். அப்போதுதான் சுரீரென்று உறைத்தது. பூவை கணக்கிலேயே இல்லை!

விடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வடிவிடம் ஓடினாள். வடிவு பழமறையாள் அல்ல.

"அக்கா, இவளை வச்சுக்கோங்க. ரெண்டு நாளைக்கோ, இருபது வருஷத்துக்கோ, தெரியலை."

"கொடுடி இங்கே. ஆறு பெத்தவளுக்கு ஏழாவது இருந்தா எவன் கேக்கப் போறான்?"

துறையில் ஊரே கூடியிருந்தது. மகிழ்ச்சியோடு வழியனுப்பாதவருக்குச் சிறை என்று ஐந்தாவது ஆணை. வடிவும் முந்தானைக்குள் பூவையோடு வந்து நின்றாள்.

"எழினி வீடு. மூன்று" என்று வாசித்தார் படைத்தலைவர். நிமிர்ந்தார். "இருவர்தான் நிற்கிறீர்கள். மூன்றாவது ஆள் எங்கே?"

"நாங்க ரெண்டே பேருதாங்க" என்றான் எழினி.

"அரசாங்க ஏடு பொய் சொல்லுமா? கூட்டத்தைச் சல்லடை போட்டுச் சலியுங்கள்!"

வீரர்கள் கூட்டத்துக்குள் இறங்கினார்கள். மூட்டைகளைக் குத்தினார்கள், முந்தானைகளை விலக்கினார்கள். அவர்கள் வடிவை எட்ட இன்னும் நாலே பேர்தான் பாக்கி. முந்தானைக்குள் பூவை சிணுங்க ஆரம்பித்தாள். ஐயோ, அந்தக் கணத்தில் இளவேணிக்கு உயிர் உயிராக இல்லை.

"ஐயா!" என்று கத்தினாள். "மூணாவது தட்டுல சாப்பிட்டது யாருன்னு ஏட்டுலயே இருக்கு. படிங்க!"

தலைவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். மெல்லத் திரும்பி நன்னயனாரைப் பார்த்தார்.

"உண்டீரா?"

"உண்டேன். ஆனால்..."

"விதி உம்முடையதா?"

"என்னுடையதுதான் பிரபு! ஆனால் நான் பழமறையான் இல்லையே!"

"படகேறும்போது எல்லாரும் ஏதாவது ஒன்று சொல்கிறார்கள்" என்றார் தலைவர் சலிப்போடு. "கணக்கு நேராகிவிட்டது. தேடுவதை நிறுத்துங்கள். இவரை ஏற்றுங்கள்."

நன்னயனாரின் மணிக்கட்டில் நீல நாடா ஏறியது. அடடா, கரையில் எழுந்த கைதட்டலைக் கேட்க வேண்டுமே! சீழ்க்கை என்ன, கும்மாளம் என்ன! இளவேணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. படகில் ஏறி உட்கார்ந்தாள். கையசைக்கவில்லை. அசைத்தால் யாருக்கு என்று கேட்பார்கள்.

தலைவர் படகுக்குள் எட்டிப் பார்த்தார். அறுபது பேர் கொள்ளும் படகில் நாற்பத்தொரு பேர். முகம் சுளித்தார். ஒரு பேரரசின் படகு பத்தொன்பது இடம் காலியாகப் போவதா? கரைப்பக்கம் திரும்பி, சட்டத்துக்குரிய மரியாதையோடு கேட்டார்:

"இவர்கள் வீட்டில் வேறு யாரெல்லாம் சாப்பிட்டிருக்கிறீர்கள்?"

கைதட்டல் பட்டென்று அடங்கியது. பழமறையார் வீட்டில் கை நனைக்காதவர் அந்த ஊரில் ஒருவரும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு விரல் நீண்டது. உடனே இன்னொன்று.

கூட்டத்தின் கடைசியிலிருந்து வடிவு நழுவி, மூங்கில் தோப்பை நோக்கி விழுந்தடித்து ஓடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தது படகில் இளவேணி ஒருத்திதான். ஓடுக்கா, ஓடு, நிக்காதே என்று வாயை மூடிக்கொண்டே கத்தினாள்.