அந்த வளர்ச்சி நம் வீட்டில்தான் நடந்தது

காரைக்கால்
1956 ஆகஸ்டு

சைகோன் பட்டணத்தில் ஜவுளிக் கடை நடத்திவரும் அன்பு மச்சான் நாகூர் மீரான் அவர்களுக்கு, உங்கள் கூடப்பிறந்த லாத்தாவின் புருஷன் சேகு தாவூது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். யாவரும் என்று சொல்ல இப்போது இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன், அந்த ஒருத்தனுக்கும் முழங்கால் சரியில்லை. அங்கே நீங்களும் மஹ்பூபாவும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க அல்லாஹ் ரஹ்மத் செய்வானாக.

உங்கள் கடிதமும், அதற்குள் நாலாக மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டும் வந்து சேர்ந்தன. இந்த வருஷத்து முதல் காலாண்டில் இந்தியாவின் சேவைத் தொழில்கள் நல்ல வளர்ச்சி கண்டிருக்கின்றன, கடலோரச் சிறு பட்டணங்களில்கூட அது தெரிகிறது என்று போட்டிருக்கிற இடத்தில் சிவப்பு மையால் கோடு இழுத்திருக்கிறீர்கள். அங்கே நிலைமை சரியில்லை, கடையை விற்றுவிட்டு வந்து கடற்கரைக்குப் போகிற ரோட்டில் பெரிய லாட்ஜ் ஒன்று கட்டப் போகிறேன், நீங்கள் 'சரி' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும் என்கிறீர்கள். மச்சான், நான் தலையில் மூட்டை சுமந்து வியாபாரம் பழகினவன், எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. வேண்டாம். விக்காதீங்க, வராதீங்க. அந்தப் பத்திரிகைக்காரர் கண்ட வளர்ச்சி எதுன்னு எனக்குத் தெரியும். அது நம்ம வீட்லதான் நடந்தது.

விவரம் சொல்கிறேன். சர்க்கார் கணக்கெடுக்க சுவாமிநாதன் என்று ஒரு தம்பி வருகிறார், கும்பகோணத்துப் பிள்ளை, நல்ல மாதிரி. தெருவுக்கு ஒரு வீடு என்று சீட்டுக் குலுக்கியதில் நம் வீடு விழுந்ததாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குடையும் கையுமாக வந்து, யார் யார் என்ன வேலை செய்கிறார்கள், எந்த வேலைக்குக் கூலி கொடுக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார். முதல் தடவை அவர் வந்தபோது உங்கள் லாத்தா அமீர் நிஷா இருந்தார்கள். "வீட்டு வேலையெல்லாம் யார் பாய் பாக்குறாங்க?" என்று தம்பி கேட்டார். எல்லாம் அவதான் என்றேன். "அவங்களுக்குக் கூலி உண்டா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வருது: "தம்பி, என்னை வேலைக்காரின்னு எழுதினா அவங்களை விருந்தாளின்னு எழுதிக்குங்க. இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்து உக்காந்த மனுசர், இன்னும் எந்திரிக்கலே." தம்பி சிரித்துவிட்டார். கூலி இல்லாத வேலைக்குக் கணக்கு இல்லை என்று அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டுப் போனார்.

அவ சொன்னதுல என்ன பொய் மச்சான்? கல்யாணமானா மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குப் போறதுங்கிற நம்ம ஊர் வழக்கம் உங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்க பொறந்து வளர்ந்த வீட்டுக்கு நான் மாப்பிள்ளையா வந்து ஏறினவன். கட்டினவ வீட்டு அடுப்படியை மாப்பிள்ளை எட்டிப் பாக்குறது மரியாதை இல்லேன்னு உங்க உம்மா காலத்துல சொன்னதை, தலை நரைச்ச பிறகும் நான் காப்பாத்திக்கிட்டு வந்தேன். போன மழைக்காலத்தில் அவள் மௌத்தாகி, துக்கத்துக்கு வந்தவர்களும் புறப்பட்டுப் போன பிறகு, ஒரு காலை நேரம் நானே டீ போட்டுக் குடிக்கலாமென்று முதல் தடவையாக அந்த அடுப்படிக்குள் போனேன். எல்லா ஜாடியும் ஒரே மாதிரி, எல்லாத்துக்குள்ளேயும் வெள்ளையா என்னமோ இருக்கு. சர்க்கரைன்னு நெனச்சு நான் டீயில அள்ளிப் போட்டது சலவைச் சோடா. ஒரு வாய் குடிச்சுட்டு, "அமீரு, என்ன இது"ன்னு சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. அதுக்கு மேலே இதைப் பத்தி எழுத வேண்டாம்.

அன்றைக்கே சமையலுக்கு ஆள் தேடினேன். பிரெஞ்சுத் துரை வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த மருதையன், துரை கப்பல் ஏறின பிறகு சும்மா இருக்கிறார் என்றார்கள். அவர் வந்தார், துரையைக் கூப்பிட்ட பழக்கத்தில் என்னையும் ஐயா என்பதற்குப் பதில் 'முசியே' என்றார், மீனை வெந்நீரில் அவித்து அதன் தலையில் வெள்ளையாக ஒரு கூழை ஊற்றி முன்னால் வைத்தார். "என்னய்யா இது, எனக்குக் காய்ச்சலா?" என்றேன். "இது சோஸுங்க முசியே." "புளி எங்கே, மிளகாய் எங்கே?" "புளி போட்டா துரைக்கு ஏப்பம் வருமுங்க." "துரை கப்பல் ஏறி எவ்வளவு நாளாச்சு!" "அவரு ஏறிட்டாரு, என் கை ஏறலீங்களே முசியே." அந்த மனுசனை என்ன சொல்லித் திட்டுறது? அவருக்கும் கை பழகின வீடு போயிடுச்சு. சோஸைச் சாப்பிட்டேன். தண்ணீர் எடுக்க, கூட்ட, துவைக்கப் பட்டினச்சேரி மீனவர் குப்பத்துக் காசியம்மாவை வைத்தேன். அது கைலிக்குப் போடுகிற கஞ்சியில், நான் உட்கார்ந்தாலும் கைலி நிற்கிறது. முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்க்க நாவிதர் வருகிறார். சட்டைப் பொத்தான் தெறித்தால் தையற்கடைக்கு ஆள் அனுப்புகிறேன். இதுக்கு முன்னாடி என் சட்டையில பொத்தான் தெறிச்சதே இல்லே மச்சான். தெறிச்சிருக்கும், நான் பார்க்கலே.

இன்னொரு செலவும் உண்டு, உங்களிடம் சொல்ல வெட்கம். நான் சாப்பிட உட்கார்ந்தால் உங்கள் லாத்தா எதிரே உட்கார்ந்து தெருவில் நடந்ததையெல்லாம் சொல்வாள், யார் வீட்டில் நிக்காஹ் பேச்சு, யார் ஆட்டை யார் கட்டிப்போட்டார்கள் என்று. நானும் காதில் விழாத மாதிரியே சாப்பிட்டு எழுந்திருப்பேன். இப்போது தட்டில் போட்ட சோறு பாதி அப்படியே மிஞ்சுகிறது. சோஸினால் மட்டும் இல்லை. காசியம்மாவிடம், வேலை முடிந்ததும் எதிரே நின்று நாலு தெருச் சேதி சொல்லிவிட்டுப் போ, அதற்குத் தனிக் கூலி என்றேன். "பேசுறதுக்கா பாய்? எங்க வூட்ல பேசாதேன்னுதான் அடிக்க வருவாக" என்று சிரித்தது, மறுநாள் முதல் சொல்லுது. ஆனா எல்லாம் பட்டினச்சேரிச் சேதி. யாரு வலை கிழிஞ்சது, யாரு கட்டுமரம் கவுந்ததுன்னு. ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. கேட்டுக்கிட்டே சாப்பிடுறேன்.

அடுத்த தடவை சுவாமிநாதன் தம்பி வந்தார். சமையல் உண்டா, உண்டு. சலவை உண்டா, உண்டு. முழங்கால், பொத்தான், எல்லாம் எழுதினார். காசியம்மா பேச்சுக்கு எந்தக் கட்டம் என்று வெகு நேரம் யோசித்து 'இதர சேவை' என்று போட்டுக்கொண்டார். கடைசியில் கூட்டிப் பார்த்துவிட்டு, "சேவையில உங்க வீடுதான் பாய் இந்த ஊருலேயே நல்ல ஏத்தம்" என்றார். எனக்கு வந்ததே கோபம். "தம்பி, நான் வியாபாரி. இத்தனை பேர் சேர்ந்தும் அவ செஞ்சதுல பாதி நடக்கலே. இதை இறக்கம்னு எழுதுங்க" என்றேன். "அவங்க செஞ்சது முன்னாடியே கணக்குல இல்லீங்களே. இல்லாதது எப்படி இறங்கும்?" என்றார். "அப்ப எந்தக் கட்டத்துல எழுதுவீங்க அவளை?" அந்தப் பிள்ளை பேனாவை மூடிவிட்டுத் திரைப் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட அந்தக் கட்டம் இல்லே பாய்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, குடையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஊர் வளர்ச்சியும் இந்த மாதிரிதான். பிரெஞ்சுக் கொடி இறங்கினதோடு சீமைச் சரக்கு நின்றது. பூவத்து எல்லைச் சாவடியில் சோதனை போட்டவர்களும் போனார்கள், அவர்களை ஏய்த்துச் சரக்குக் கடத்திப் பிழைத்தவர்களும் போனார்கள். செண்டும் கண்ணாடிச் சாமானும் விற்ற நானே இப்போது கயிறும் கருவாடும் விற்கிறேன். விற்க ஒன்றும் இல்லாதவர்கள் டீக்கடை போட்டார்கள். காதர் பாட்சா டீயை எதிர்க்கடைக்காரர் குடிக்கிறார், அவர் டீயைக் காதர் பாட்சா குடிக்கிறார். ரெண்டு பேருக்கும் வளர்ச்சி, ரெண்டு பேருக்கும் தூக்கம் இல்லை. இதில் நீங்கள் லாட்ஜ் கட்டினால் யார் வந்து தங்குவார்? எல்லாரும் இங்கிருந்து போகிறவர்கள் மச்சான், வருகிறவர்கள் இல்லை. அதனால் கடையை விற்காதீர்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை.

மஹ்பூபாவுக்கு என் சலாம். பிள்ளைகள் தலையில் நான் கை வைத்ததாக நீங்களே ஒரு தடவை கை வைத்துவிடுங்கள். உங்கள் லாத்தாவுக்காக ஐந்து வேளைத் தொழுகையிலும் துஆ கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
சேகு தாவூது

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் மறுபடி படித்துப் பார்த்தேன். லாட்ஜ் வேண்டாம் என்றது நிக்கட்டும், மத்ததை விட்டுடுங்க. கடையை வித்துட்டு வாங்க மச்சான். வழக்கப்படி நீங்க மஹ்பூபா வீட்டுலதான் இறங்கணும், தெரியும். அவங்ககிட்ட நான் கேட்டேன்னு சொல்லி இங்கேயே இறங்குங்க. இது உங்க வீடு. வீட்டுக்காரங்க எல்லாரும் போன பிறகு விருந்தாளி ஒருத்தன் யாருகிட்ட சொல்லிட்டு எந்திரிச்சுப் போவான்? மேலண்டை அறைக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டிருக்கேன். நான் சாப்பிடும்போது நீங்க எதிரே உக்காந்து எதையாவது பேசுங்க, கூலி கிடையாது. சுவாமிநாதன் தம்பி வந்து பார்த்துட்டு, இந்த வீட்ல சேவை குறைஞ்சுபோச்சுன்னு எழுதுவார். குறையட்டும் மச்சான்.