பூஜையில் வைத்த நாவல்

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்த காளிராஜ், முன்னறையைப் பார்த்ததும் துண்டைத் தலையிலேயே விட்டுவிட்டு நின்றார். வீட்டிலிருந்த புத்தகம் அத்தனையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் குவியலாக ஏறியிருந்தது. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். குவியலின் அடியில், பழுப்புக் காகித அட்டை போட்ட அந்த ஆங்கில நாவலும் தெரிந்தது.

சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடக் கூடாது. சின்ன வயதில் அந்த ஒரு சட்டத்துக்காகவே காளிராஜுக்குச் சரஸ்வதியை ரொம்பப் பிடிக்கும். இன்றைக்குத்தான் முதன்முறையாக அந்தச் சரஸ்வதி மேல் வருத்தம் வந்தது.

காரணம் இருந்தது. மறுநாள் விஜயதசமி, காலை ஒன்பது மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் அவருக்கு நேர்முகம். விஜயதசமியில் தொட்டது துலங்கும் என்று தாளாளரே பார்த்து வைத்த நாள். மாணவர்கள் முன்னால் ஒரு நாவலைப் பற்றிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் நிரந்தர வேலை. ராஜபாளையத்து டுட்டோரியல் ஒன்றில், பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்டவர்களுக்கு வருஷக்கணக்காக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, அவர்கள் மறுபடியும் கோட்டைவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு இது லேசுப்பட்ட விஷயமா?

நாவல் ஒரு கொடுங்கோல் தேசத்தைப் பற்றியது. அங்கே புத்தகம் வைத்திருப்பது குற்றம். அரசாங்கமே வீடு வீடாகத் தேடிப் பிடுங்கி, சதுக்கத்தில் குவித்து எரிக்கும். ஒரு தபால்காரன் மட்டும் ஒரே ஒரு புத்தகத்தை ஒளித்து வைத்திருக்கிறான். பட்டாளத்தார் வந்து கதவைத் தட்டுகிறார்கள். அத்தோடு காளிராஜுக்குக் கதை தெரியாது. தினமும் படுத்துக்கொண்டு படிக்கிற வழக்கம், ரெண்டு பக்கத்துக்குள் குறட்டை. படித்த இடத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகிப் புத்தகத்தைத் தலைமாட்டில் போட்டுவிடுவார். டிக்கெட் பாதியிலேயே நின்றுவிட்டது.

கடைசி நாள் இருக்கிறதே, அன்றைக்கு லீவுதானே, ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தார். பரீட்சைக்கு முந்தின நாள் படிக்காதே என்று பிள்ளைகளுக்கு மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லுகிறவரும் அவரேதான்.

மனைவி வெள்ளத்தாயிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஆனால் போன வாரமே, நாவலை முடித்தாயிற்று என்று அவளிடம் அளந்து வைத்திருந்தார். சும்மா அளந்ததோடு விட்டாரா? சோற்றைப் பிசைந்துகொண்டே கதை முழுவதும் சொல்லி, கடைசியில் அந்த அரசாங்கம் கவிழ்ந்தது என்று தாமாகவே கவிழ்த்தும் விட்டார். இப்போது எந்த முகத்தோடு அதைக் கேட்பது? அதனால் பொதுவாக ஆரம்பித்தார்.

"ஏட்டி, ஒரு பொஸ்தகம் மட்டும் எடுத்துக்கிடட்டா? செத்த நேரந்தான்."

வெள்ளத்தாய் அடுப்படியில் சுண்டலைத் தாளித்துக்கொண்டிருந்தாள். "பூசையில வச்சதுல ஒண்ணையும் தொடக் கூடாது. நாளைக்கு மறுபூசை போட்டுத்தான் எடுக்கணும்."

"எத்தனை மணிக்கு?"

"பத்தரைக்கு. நீங்க போயிட்டு வந்து சாமி கும்புட்டுக்கிடுங்க."

ஒன்பது மணி நேர்முகத்துக்குப் பத்தரை மணிப் புத்தகம். காளிராஜ் தலையாட்டிவிட்டு முன்னறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாவலில் வரும் அரசாங்கமாவது நெருப்பை வைத்துக்கொண்டு பயமுறுத்தியது. இங்கே இத்தனூண்டு சந்தனத்திலேயே காரியம் முடிந்துவிட்டது. பட்டாளத்தை எதிர்க்கலாம், வெள்ளத்தாயை எதிர்க்க அந்தத் தபால்காரனாலும் ஆகாது.

அவள் தேங்காய் துருவ உட்கார்ந்த சத்தம் கேட்டது. தேங்காய் துருவுகிறவள் பாதியில் எழுந்து வர மாட்டாள் என்பது குடும்பஸ்தனுக்குத் தெரிந்த ரகசியம். காளிராஜ் மெல்லக் குத்துக்காலிட்டு, சரஸ்வதியைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி, அடியிலிருந்த பழுப்பு அட்டையைப் பிடித்து இழுத்தார்.

பாதிவரை சமர்த்தாக வந்தது. அப்புறம் மேலே இருந்த அகராதி சாய்ந்தது. அகராதி சாய்ந்ததால் குவியல் சாய்ந்தது. குவியல் சாய்ந்ததால் குத்துவிளக்கு சாய்ந்தது. எண்ணெயும் திரியுமாக விளக்கு விழுந்த இடம், சொல்லிவைத்ததுபோல, பழுப்பு அட்டையின் நடு மத்தி. குப்பென்று பிடித்துக்கொண்டது. தண்ணீர் எங்கே என்று தேட அவகாசமில்லை. கைக்கு எட்டியது நைவேத்தியத்துக்கு வைத்திருந்த பாயசம். தூக்கி ஊற்றினார்.

புகையைப் பார்த்து வெள்ளத்தாய் துருவலோடு ஓடிவந்தாள். முதலில் காலியான பாயசப் பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு சரஸ்வதியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கருகி, முந்திரிப்பருப்பு ஒட்டிக்கிடந்த புத்தகத்தைக் கையில் எடுத்து, முதல் தாளை மட்டும் விரலால் தள்ளிப் பார்த்தாள்.

"இதானா? போனாப் போகுது," என்றாள்.

காளிராஜுக்கு வயிறு எரிந்தது. ஒரு நாவலாசிரியன் ரத்தத்தைச் சிந்தி எழுதியிருக்கிறான், இவளுக்கு அது போனால் போகிறதாம். மிச்சமிருப்பதையாவது படிக்கலாமென்று கையை நீட்டினார். எரிந்த பொஸ்தகத்தைத் தொட்டால் தெய்வக் குத்தம், நாளைக்குத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்று சொல்லி, அவள் அதை மஞ்சள் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டாள். முதலில் தடை, பிறகு தீ, அடுத்து ஜலசமாதி. கொடுங்கோல் தேசத்தில்கூட ஒரு புத்தகத்துக்கு இத்தனை தண்டனை கிடையாது.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பக்கீர் முகமதுவின் பழைய புத்தகக் கடை இருந்தது. கல்லூரிப் பாடத்தில் இருக்கிற நாவல், பரீட்சை முடிந்த பிள்ளைகள் எடைக்குப் போட்டிருப்பார்கள். பக்கீர் முகமதுவுக்குச் சரஸ்வதி பூஜையும் கிடையாது. இந்த யோசனை முதலிலேயே வந்திருந்தால் பாயசமாவது மிஞ்சியிருக்கும் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு நடந்தார்.

கடை திறந்திருந்தது. பக்கீர் முகமது கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். தராசில் சந்தனம், படிக்கல்லில் குங்குமம், காகிதம் அறுக்கிற கத்தியில் பூ. சுற்றிலும் இருந்த புத்தகக் கட்டு ஒவ்வொன்றிலும் பொட்டு.

"ஆண்டிச்சாமி வேலை சார்," என்றார் பக்கீர் முகமது. ஆண்டிச்சாமி அவர் கடையில் எடை போடுகிறவர். "காலையிலயே வந்து அம்புட்டுக்கும் பூசிட்டு, நாளைக்கு நான் வந்து எடுக்கிற வரைக்கும் தொடப்படாதுன்னுட்டுப் போயிட்டாரு."

தொடப்படாதென்றால் கடையை எதற்குத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று காளிராஜ் கேட்டார். பூட்டி வைத்தால் லட்சுமி வராது என்று சொன்னதும் ஆண்டிச்சாமிதானாம்.

நாவல் இருக்கிறதா என்று கேட்டதற்கு, அதோ அந்தக் கட்டில் முதுகு தெரிகிறது பாருங்கள் என்று பக்கீர் முகமது கையைக் காட்டினார். நாவலின் முதுகிலும் ஒரு பொட்டு. உங்களுக்குத்தான் பூஜை இல்லையே, உருவிக் கொடுத்தால் என்ன என்று காளிராஜ் கெஞ்சினார். பக்கீர் முகமது காட்டின கையை மறுபடியும் கட்டிக்கொண்டார்.

"நோன்பு மாசம் முழுக்க அவரு எம் முன்னால ஒரு மடக்குத் தண்ணி குடிச்சதில்ல சார். பொட்டு வச்சது அவரு. நான் எப்படி எடுப்பேன்?"

இதற்குமேல் கேட்டால் மனுஷனே இல்லை. காளிராஜ் எழுந்தார். வாடின முகத்தைப் பார்த்துப் பக்கீர் முகமதுவே கூப்பிட்டு, அதே நாவலில் இன்னொன்றை முந்தாநாள் பக்கத்துக் கடலைக் கடைக்குப் போட்டதாகச் சொன்னார். பொட்டலம் மடிக்கத்தான்.

கடலைக் கடைக்காரர் வழக்கமாகப் பின்னாலிருந்து கிழிக்கிறவர். முன்பாதி அப்படியே இருந்தது. அதாவது காளிராஜ் ஏற்கெனவே படித்து முடித்த பாதி. பின்பாதி முழுவதும் ராஜபாளையத்துப் பெருமக்கள் கையில் கடலையோடு போய்விட்டது. மடித்து வைத்திருந்த பொட்டலங்களில் மிச்சம் இருக்குமென்று, இருந்த அத்தனையையும் வாங்கிப் பிரித்தார். பாதிக்குமேல் தாவரவியல். நாவலில் தேறியவை மூன்றே தாள். ஒன்றில் தபால்காரன் காரணமில்லாமல் சிரித்தான். ஒன்றில் யாரோ செத்துப்போயிருந்தார்கள். ஒன்றில் ஒரு குதிரை நின்றது.

அந்தி வரை கடலையைத் தின்றுகொண்டே மூன்று தாளையும் மாற்றி மாற்றி அடுக்கி ஒரு முடிவை ஒட்டவைத்தார். தபால்காரன் புத்தகத்தைக் குதிரை லாயத்தில் ஒளிக்கிறான். சேனாதிபதி சாகிறான். இவன் சிரிக்கிறான். பரவாயில்லை, நாவலாசிரியனுக்கே இது தோன்றியிருக்காது. நிம்மதியாகப் படுத்தார். தலையணை மட்டும் என்னவோ கல்போல உறுத்தியது. கவலை வந்தால் பஞ்சும் கல்லாகும் என்று எண்ணிக்கொண்டே உறங்கிப்போனார்.

மறுநாள் கல்லூரியில் முதல் பாதி ஜோராகப் போயிற்று. ஏற்கெனவே படித்த பாதி அல்லவா? பட்டாளத்தார் கதவைத் தட்டும் கட்டத்தில் காளிராஜ் மேசையைத் தட்டியதும், முன்வரிசைப் பெண்பிள்ளைகள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். தாளாளர் சமுத்திரம் வேட்டியை இறுக்கிக்கொண்டு நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். அப்போதுதான் ஆங்கிலத் துறைத் தலைவர் பொன்னுராஜ் கையை உயர்த்தினார். ஒல்லியான, சிரிக்கவே சிரிக்காத மனிதர்.

"ஒரு சின்னக் கேள்வி. தபால்காரன் அந்தப் புத்தகத்தை எங்கே ஒளிச்சு வச்சான்?"

"குதிரை லாயத்துல சார்."

"குதிரையா?"

"ஒரு குதிரை வருது சார்," என்றார் காளிராஜ். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"வருது. சதுக்கத்துல நிக்கிற சிலையில."

வகுப்பே சிரித்தது. மறுபடியும் டுட்டோரியல், மறுபடியும் பத்தாம் வகுப்பு, சாகும்வரை அதே பாடம். காளிராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பாதியில் நின்ற டிக்கெட், பூஜையில் ஏறின நாவல், சாய்ந்த குத்துவிளக்கு, பாயசம், ஆண்டிச்சாமியின் பொட்டு, கடலைப் பொட்டலம், ஒன்றும் பாக்கியில்லை. புத்தகம் எரிப்பதைப் பற்றிப் பாடம் எடுக்க வந்தவன் அந்தப் புத்தகத்தையே எரித்துவிட்டேன், அதுவும் சரஸ்வதி காலடியில், என்று முடித்தார். வாழ்க்கையில் இவ்வளவு உண்மையை அவர் ஒரே நாளில் பேசியதில்லை.

சமுத்திரம் சிரித்துச் சிரித்து மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். பொன்னுராஜ்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். வேலைக்கு வந்த யாருமே முழுசாகப் படித்திருக்கவில்லை, ஒப்புக்கொண்டவர் இவர் ஒருவர்தான் என்று அவர் தாளாளர் காதில் சொன்னது காளிராஜுக்கும் கேட்டது.

"சரி, வேலை ஒங்களுக்குத்தான்," என்றார் சமுத்திரம். "ஆனா ஒண்ணு. அந்த எரிஞ்ச நாவலைத் தண்ணியில விட்டுறாதிய. கண்ணாடிப் பெட்டியில போட்டு நம்ம லைப்ரரி வாசல்ல வைக்கணும். பயலுக புத்தகம் எரியறதுன்னா என்னன்னு கண்ணால பாக்கட்டும். திங்கக்கெழமை அதைக் கொண்டாந்து எங்கையில குடுங்க, ஆர்டர்ல கையெழுத்துப் போடுதேன்."

பொன்னுராஜ் கூடவே, அதைக் கையில் வாங்கித் தாமும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார்.

காளிராஜ் பால்கோவா வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் உட்கார்ந்தும் உட்காராமலும் ராஜபாளையம் வந்து சேர்ந்தார். மறுபூஜை முடிந்திருந்தது. வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, அந்த எரிந்த புத்தகம் எங்கே என்று கேட்டார். கிணற்றடிக்குக் கொண்டுபோகத்தான் எடுத்து வைத்தேன் என்று வெள்ளத்தாய் மஞ்சள் துணி மூட்டையைக் காட்டினாள். நல்லவேளை. நல்லவேளை. மனுஷனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். முடித்துவிட்டதாகப் பொய் சொன்னதையும் சொன்னார். அவள் பால்கோவாவைப் பிரித்தாள்.

காளிராஜ் பக்தியோடு மஞ்சள் துணியை அவிழ்த்தார். பாயசத்தில் ஊறி ஒட்டியிருந்த அட்டையை மெல்ல விலக்கினார். கருகின முதல் தாளில், பெரிய தமிழ் எழுத்தில், 'பத்தே நாளில் ஆங்கில இலக்கணம்' என்று இருந்தது. அதற்குக் கீழே, 'ஆக்கியோன்: காளிராஜ், எம்.ஏ.'

சிவகாசியில் கைக்காசு போட்டு அச்சடித்து, விற்காமல் பரண் முழுக்க அடைந்துகிடக்கிற அவருடைய சொந்தப் புத்தகம். நாவலுக்கு அட்டை போட்ட அன்றைக்கு, மிஞ்சின பழுப்புக் காகிதத்தை அதில் ஒன்றுக்குப் போட்டதும் அவர்தான்.

"அப்ப அந்த நாவல்?" என்றார்.

வெள்ளத்தாய் ஒரு விள்ளல் பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"பொஸ்தகத்தை எரிக்கிற கதைன்னு நீங்கதான சொன்னிய, அதைப் போயி சரசுவதி முன்னால வைப்பனா? டிக்கெட்டு வேற பாதியிலேயே கெடந்துச்சு, சரி, லீவுதான, இன்னைக்காவது படிச்சு முடிக்கட்டும்னு ஒங்க தலகாணி உறைக்குள்ள வச்சேன்; நீங்க என்னடான்னா ராத்திரி முழுக்க அது மேலேயே படுத்து ஒறங்குதிய."