சாட்சி சொன்ன களைச்செடி

பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம். சாமியார்கள் மட்டும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமே மாரியம்மன் கோயில் முற்றத்தில் கூடியிருந்தது. அம்மன் கண்களில் பதித்திருந்த வெள்ளிக் கண்மலரைக் காணோம். கள்ளனைப் பிடிக்கப் பூச்சாமியார் வந்திருக்கிறார்! ஆளுக்கொரு தடவை தன் கூடாரத்துக்குள் போய் மந்திரம் போட்டு, ஒரு செடிச்சட்டியைச் சிவப்புத் துணியால் மூடிக் கொண்டுவருவார். துணியைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். துணியை விலக்கினால் நல்லவருக்குப் பூ விரிந்திருக்கும், கள்ளருக்கு மூடிக்கொள்ளும். அதுவும் உச்சி வேளையில்தான். காலையில் பூவுக்குச் சத்தியம் தெரியாது போலும்.

கோழி காணிக்கை கொடுத்தவர்கள் வரிசையாகத் தொட்டார்கள். அத்தனை பேருக்கும் மஞ்சள் பூ பளிச்சென்று விரிந்திருந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அங்கம்மாவிடம் கொடுக்கக் கோழியில்லை. அவள் தொட்டாள். பூ மூடியிருந்தது.

"இவதான் கள்ளி! பிள்ளையத் தூக்கிக்கிட்டு இப்பவே லயத்து வீட்ட விட்டுப் போகட்டும்" என்றார் கங்காணி தம்பையா. அங்கம்மா பிள்ளையை இறுக்கிக்கொண்டு கதறினாள்.

கூட்டத்தில் நின்ற கருப்பம்மா முன்னால் வந்தாள். பத்து வருஷமாகத் தேயிலை மலையில் களை பிடுங்குகிறவள் அவள். எல்லோரும் பூவைப் பார்த்தபோது அவள் இலையைப் பார்த்தாள்.

"சாமி, மொதல்ல வந்தது குறுந்தொட்டி, இல அகலம். இது அரிவாள்மனைப் பூண்டு, இல ஒடுக்கம். பூ மட்டுந்தான் ஒரே மாதிரி. அது உச்சிக்கு விரியும், இது உச்சிக்கு மூடும்."

"அபச்சாரம்! கண்ணு அவிஞ்சு போகும்!"

"இன்னும் அவியல சாமி, நல்லாத் தெரியுது. அந்தச் சரிவைப் பாருங்க."

சரிவு முழுக்க அரிவாள்மனைப் பூண்டு. ஒரு பூ விடாமல் மூடியிருந்தது.

"இத்தனையையும் அங்கம்மாவா தொட்டா?"

கேட்டுக்கொண்டே கூடாரத்துக்குள் நுழைந்தாள். விரிந்த பூவோடு குறுந்தொட்டிச் சட்டியைத் தூக்கி வந்து, மூடிய பூவுக்குப் பக்கத்தில் வைத்தாள். சட்டிகள் ஒன்றுபோல இருந்தன, இலைகள் வேறு வேறு. கூட்டம் திரும்பிப் பார்த்தபோது சாமியார் கோழிகளைக்கூட எடுக்காமல் பள்ளத்தில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்.

கங்காணி தலையைச் சொறிந்தார். "பிள்ளைய தூக்கிட்டு லயத்துக்குப் போ, அங்கம்மா" என்றார், தரையைப் பார்த்தபடி.

உடனே ஒருவன் கருப்பம்மாவின் காலில் விழுந்தான். "ஆத்தா! கண்மலர் எங்க இருக்குன்னு நீயே குறி சொல்லு!"

"அம்மன் கண்மலர அப்புறம் தேடலாம்டா" என்றாள் கருப்பம்மா. "ஒங்க மூஞ்சியில இருந்த ரெண்டு கண்ணும் எங்க போச்சுன்னு மொதல்ல தேடுங்க."