முத்திரை குத்தாதோர் குடியிருப்பு

மனித குலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக முட்டி மோதியும் ஒழிக்க முடியாமல் போனது பாகுபாடு என்னும் நோய். அதை ஒரே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில், வடை காபி சாப்பிட்ட நேரம் போக மிச்ச நேரத்தில் ஒழித்துக் கட்டிய பெருமை, மதுரையிலிருந்து பரவை போகிற சாலையில் உள்ள எங்கள் 'தென்றல்' அடுக்குமாடிக் குடியிருப்பையே சேரும்.

ஒழித்தவர்கள் குடியிருப்பின் வாசகர் வட்டத்தினர். தலைவர் கைலாசநாதன், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கொட்டாவி விடும்போதுகூட 'மேற்படி' என்றுதான் தொடங்குவார். செயலாளர் ஜனகராஜ், ஜவுளிக் கடைக்காரர். இதே குடியிருப்பில் இரண்டாவது மாடியில் அவருக்கு இன்னொரு வீடு சும்மா கிடந்தது.

அந்த மாதம் எடுத்துக்கொண்டது ரொம்பப் பழைய நாவல். ஒருவன் பிறந்த தெருவை வைத்து ஊரே அவனைத் திருடன் என்கிறது. அவனோ கடைசிவரை ஒரு தேங்காயைக்கூடத் தொடுவதில்லை. அவன் செத்தபோதும் ஊர்க்காரர்கள் வீட்டை நன்றாகப் பூட்டிவிட்டுத்தான் சாவுக்கு வருகிறார்கள்.

கூட்டத்துக்கு ஆள் குறைந்தது. அந்த நேரம் பார்த்து வாடகைக்கு வீடு கேட்டு வந்தார் நல்லகாமன். "மீட்டிங் முடியட்டும் தம்பி, வீட்டத் தெறந்து காட்டுறேன். உக்காருங்க" என்று ஜனகராஜ் அவரையும் 'திரளான வாசகர்கள்' கணக்கில் சேர்த்துவிட்டார். நல்லகாமன் டி. கல்லுப்பட்டிக்காரர், கல்லூரியில் கணக்கு வாத்தியார். மகளுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. வீடு அமையாவிட்டால் அந்தச் சின்னப்பிள்ளை ஊரிலிருந்து தினமும் ரெண்டு பஸ் மாறி வர வேண்டும்.

முதலில் ஜனகராஜ் பேசினார். "எங்க வீட்டுல பேசுற பாஷை வேற, தொழிலு பட்டு நெசவு. பள்ளிக்கூடத்துல நான் வாயத் தொறந்தாலே சிரிப்பாங்க. என் பேரு ஜனகராஜுன்னு ஒரு பயலுக்கும் தெரியாது. 'ஏ பட்டுநூலு, இங்கிட்டு வாடா'ம்பாங்க." சபை கண்ணைத் துடைத்துக்கொண்டு வடையை எடுத்தது.

"புதுசா வந்த தம்பியும் பேசலாமே" என்றார் தலைவர். நல்லகாமன் தயங்கி எழுந்தார். நாவலை அவர் முன்பே படித்திருந்தார். "அந்த ஊர்ல எல்லாரும் அவனப் பத்தித்தான் பேசுனாங்க சார். அவன்கிட்ட ஒருத்தரும் பேசிப் பாக்கல."

கைதட்டல் அடங்கவே நேரமானது. நல்லகாமனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'இனி இக்குடியிருப்பில் எவரும் எவர்மீதும் முத்திரை குத்தலாகாது' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பாகுபாடு ஒழிந்தது.

அடுத்து, வீட்டு விஷயம்.

மதுரையில் நாகரிகமானவர்கள் யாரும் சாதி கேட்பதில்லை. ஊரைக் கேட்பார்கள். அப்புறம் தெருவைக் கேட்பார்கள். அப்புறம் குலசாமியைக் கேட்பார்கள். அதற்கப்புறம் கேட்க எதுவும் மிச்சமிருக்காது.

"சொந்த ஊரு?" என்றார் கைலாசநாதன்.

"டி. கல்லுப்பட்டி சார்."

"அங்க எந்தத் தெரு?"

சொன்னார்.

"குலசாமி?"

அதையும் சொன்னார். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பக்கத்து ஆளுகளுக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தியோ?"

"எங்க ஊர்ல காந்தி ஆசிரமம் இருக்கு சார்."

"அதையும் யோசிக்கணும். வாடகைய ஏத்துனா உண்ணாவிரதம் உக்காந்துட்டீங்கன்னா? சரி, வீட்டுல அருவா கிருவா வச்சிருக்கீங்களா?"

"அருவாமனை இருக்கு சார். வெங்காயம் நறுக்கணும்ல."

'இருக்காம்' என்பதுபோல் தலைவர் செயலாளரைப் பார்த்தார்.

ஜனகராஜுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. ஆனால் தலைவரின் பார்வை அதைவிடக் கனமாக இருந்தது. "உங்களச் சொல்லல தம்பி. நீங்க தங்கம். நாளப்பின்ன உங்களத் தேடி நாலு பேரு வருவாங்கள்ல, அதத்தான் யோசிக்கிறேன்."

"யாருண்ணே வரப்போறா? எங்க மாமியாரு வருவாங்க."

"பாத்தீங்களா!" என்றார் கைலாசநாதன்.

நல்லகாமன் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்தார். "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஜனகராஜ் தலைவர் பக்கம் திரும்பினார். "அப்ப எங்க சகலை கோகுல்நாத்துக்கு விட்டுறலாமா சார்? நம்ம ஆளு, பயமில்ல."

தலைவர் அவர் தோளில் அன்போடு கை வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஆளுக ஒரு வீடுன்னா அழகா இருக்கு. ரெண்டாச்சுன்னா, லிப்ட்ல நின்னுக்கிட்டு உங்க பாஷைல எங்களப் பத்தி என்ன பேசுறீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களச் சொல்லல ஜனகராஜ். நீங்க தங்கம்."

ஐம்பது வயதைத் தாண்டிய ஜனகராஜ் அரைக்கால் டவுசர் பையனாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். நடந்ததையெல்லாம் மனைவி கனகலட்சுமி கேட்டாள்.

"அவரு சொன்னது உங்களுக்குச் சுருக்குன்னு தைக்குதுல்ல? நீங்க சொன்னது மட்டும் அந்தத் தம்பிக்குச் சந்தனம் பூசுன மாதிரியா இருந்திருக்கும்? வீடு உங்க பேர்ல இருக்கா, அந்த மனுசன் பேர்ல இருக்கா? போனப் போடுங்க."

போட்டார்.

"தம்பி, தப்புப் பண்ணிட்டேன். வீடு உங்களுக்குத்தான். யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிறேன். எப்ப பால் காய்ச்சுறீங்க?"

"ரொம்பச் சந்தோசம்ணே. ஆனா எங்க வீட்டுல தமிழ்ச்செல்வி சம்மதிக்க மாட்டேங்குறா."

"ஏன் தம்பி? வாடகை கூடவா தெரியுதா?"

"அதெல்லாம் இல்லண்ணே. 'அங்கன குடியிருக்கறவங்க எப்படிப்பட்ட ஆளுக'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எல்லாரும் நாவல் படிச்சு அழுகுற ஆளுகன்னேன். 'ஆத்தாடி, அப்ப பிள்ள ரெண்டு பஸ்ஸே மாறிப் போகட்டும்'னுட்டாண்ணே."