எலிசாந்தின் நான்காவது மாப்பிள்ளை

ஏழு தலைமுறைக்குள் சொந்தமாக இருப்பவர்கள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. இது பிஷப் அலுவலகத்தின் மாற்ற முடியாத விதி. எலிசாந்து சீமாட்டி விஷயத்தில் அந்தச் சொந்தம் கல்யாணமாகி நாலைந்து வருஷம் கழித்தே கண்டுபிடிக்கப்பட்டது. முதல் கணவருக்குத் திராட்சைத் தோட்டத்தோடு ஒரு பெண் அகப்பட்ட வாரம், எலிசாந்து அவருக்கு ஆறாம் தலைமுறைத் தங்கை ஆனாள். இரண்டாமவருக்கு உப்பளத்தோடு ஒருத்தி அகப்பட்டாள். எலிசாந்து அத்தை ஆனாள். மூன்றாமவர் விலாங்கு மீனை அளவில்லாமல் தின்று, கல்யாணம் செல்லாது என்று மனுப் போடுவதற்குள் செத்துப்போனார். கௌரவமாக முடிந்த கல்யாணம் அது ஒன்றுதான்.

மிஞ்சியது அவளுடைய மோர்வால் கோட்டை. அதற்கும் அந்த நாட்டை ஆண்ட கோமகனிடமிருந்து கடிதம் வந்தது: "விதவையின் தனிமை கண்டு எம் உள்ளம் உருகுவதால், ஈஸ்டருக்குள் எம் தம்பி மகன் கோபெரை மணக்கவும். தவறினால் கோட்டை எமக்கு."

எலிசாந்து நேரே பிஷப் அலுவலகத்துக்குப் போனாள். வம்ச ஏடுகளைக் காப்பவர் எழுத்தர் ஒதோன்.

"எழுத்தர் ஐயா, கோபெர் எனக்குச் சொந்தமான்னு பாருங்க."

"கல்யாணம் ஆயிடுச்சா அம்மா?"

"ஆகறதுக்கு முன்னாடி தெரியணும்னுதானே வந்திருக்கேன்!"

"முன்னாடி பாக்கற வழக்கம் இல்லீங்களே. மொதல்ல கட்டிக்குங்க. புருஷன் மனுப் போடுவாரு, நாங்க தேடுவோம். இதுவரைக்கும் கெடைக்காமப் போனதே இல்ல."

"தேடாமலே கெடைக்கற சொந்தம் எதுவும் இல்லையா?"

"ஏன் இல்ல? ஞான உறவு! ஞானஸ்நானத்துல ஒரு குழந்தைய ஏந்தி நீங்க ஞானத்தாயா நின்னா, அதோட அப்பன் உங்களுக்கு உடன்பொறந்தவன் மாதிரி. கட்ட முடியாது. கட்டியிருந்தாலும் அறுந்துடும்."

அந்த ஞாயிறே, கோபெரின் சமையற்காரி பெற்ற குழந்தையை எலிசாந்து ஞானஸ்நானத் தொட்டியருகே ஏந்தி நின்றாள். "தகப்பன் யார்?" என்றார் பாதிரியார். சமையற்காரி கையை நீட்டினாள். கோபெரின் கொட்டாவி பாதியில் நின்றது.

கோமகன் வேறு மாப்பிள்ளைகளை அனுப்பினார். அவர்களுக்கும் ஊருக்குள் எங்காவது ஒரு தொட்டில் ஆடியது. ஈஸ்டருக்குள் எலிசாந்துக்குப் பதினாலு உடன்பிறப்புகள். பிஷப்பின் விதியே தடுத்ததால் கோட்டையையும் எடுக்க முடியவில்லை.

மற்றச் சீமாட்டிகள் பார்த்தார்கள். கணவனின் கள்ளக் குழந்தைக்குத் தானே ஞானத்தாயாக நிற்பது அந்த வசந்தத்தின் நாகரிகம் ஆயிற்று. அதற்கென்றே கையுறைகள் தைத்துக்கொண்டார்கள். கல்யாணம் அறுந்தது, சீதன நிலத்தோடு தாய்வீடு போனார்கள். கோமகனின் மனைவி வண்ணாத்தியின் இரட்டைக் குழந்தைகளில் ஒன்றை ஏந்தி, பன்னிரண்டு கிராமங்களோடு புறப்பட்டாள்.

கோமகன் மோர்வாலுக்குப் பாய்ந்து வந்தார். "உன்னாலதான் எம் பொண்டாட்டி போனா. இனிமே நீதான் எனக்குப் பொண்டாட்டி!"

"இன்னொரு குழந்தைய ஏந்தினது நான்தானே அண்ணா," என்றாள் எலிசாந்து. "சாப்ட்டுட்டுப் போறீங்களா?"

அவர் ஒதோனிடம் ஓடினார். "டேய் எழுத்தா! விதிய மாத்துடா!"

"விதிய மாத்த முடியாது பிரபு. தகப்பன் பேரக் கேக்காம விட்டுடலாம்."

அன்று முதல் அந்த நாட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தகப்பன் கிடையாது. பிரபுக்கள் மண்டியிட்டு நன்றி சொன்னார்கள். அப்படியானால் ஏழு தலைமுறை கழித்து யார் யாருக்குச் சொந்தம் என்று அலுவலகம் எதைப் பார்த்துச் சொல்லும்?

ஒதோன் கவலைப்படவில்லை. கல்யாணம் முடியட்டும், கண்டுபிடித்துக்கொள்ளலாம்.